துடைப்பதற்காகக் கொட்டிய தண்ணீர்

நீங்கள் முதலில் சாப்பிட்டிருக்கலாம் சார். நான் உள்ளே வந்தபோது மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். டிபன் கேரியரின் மேல்தட்டு திறந்திருந்தது. நீங்கள் சாப்பிடுங்கள், நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன் என்றேன். இசக்கிதுரை விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் கேரியரை மூடி ஓரமாக வைத்துவிட்டீர்கள். எனக்கு ஒரு டீயும் சொன்னீர்கள். டீக்கடைக்காரர் சர்க்கரையைத் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறார். இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் யார் யாருக்குச் சர்க்கரை என்று அவரிடம் ஒரு கணக்கு இருக்கும்போல. நான் போடாமலே குடித்துவிட்டேன். பழகிவிட்டது.

கேரியரில் மூன்று சப்பாத்தி இருந்ததைப் பார்த்தேன். சப்பாத்தி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மூன்று சப்பாத்தி என்பது ஐந்து இட்லி சார். கோதுமையானாலும் அரிசியானாலும் உள்ளே போனபின் உடம்புக்கு எல்லாம் ஒன்றுதான். நானும் துரையும் எதையும் இட்லியில்தான் எண்ணுவோம். ஒரு வாழைப்பழம் இரண்டு இட்லி. சர்க்கரை போட்ட டீ ஒரு இட்லி. ஒரு புரோட்டா மூன்றரை. மண்ணூரில் எங்கள் அறையில் இது ஒரு தனிப் பாஷையாகவே இருந்தது. ஒரு தடவை புரோட்டாக் கடையில் துரை, “ரெண்டு புரோட்டா, ஏழு இட்லி” என்று வாய்விட்டு எண்ண, சப்ளையர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “புரோட்டாவா இட்லியா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுப்பா” என்றார். துரை அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான்.

என் பெயர் தளவாய். சங்கரன்கோவில் பக்கம். துரைக்கு நாங்குநேரி பக்கம். ஓரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன், மண்ணூரில் ஒரே அறை. என்னைவிட இரண்டு வயது சின்னவன். அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

அவனுக்குப் பதினைந்து வயதில் சர்க்கரை வந்தது. உங்களுக்கு வந்திருக்கும் வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்கு முன்னால் ஊசி போட்டாக வேண்டும். எவ்வளவு மாவுச்சத்து உள்ளே போகப்போகிறதோ அதற்குத் தக்க ஊசி. ஊசி போதாவிட்டால் சர்க்கரை ஏறும். ஊசி போட்டபின் சாப்பாடு போதாவிட்டால் சர்க்கரை இறங்கும். ஏறுவதற்காவது கொஞ்சம் பொறுமை உண்டு, இறங்குவது காத்திருக்காது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், ஆள் விழுவான். விழுவதற்கு முன் ஒரு வாய் குளுக்கோஸ் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்து, என்ன எல்லாரும் சுத்தி நிக்கிய என்று கேட்பான். இவ்வளவுதான் விஷயம். தராசின் ஒரு பக்கம் ஊசி, இன்னொரு பக்கம் சாப்பாடு. ஊசிப் பக்கத்தை அவன் பார்த்துக்கொண்டான். சாப்பாட்டுப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன். ஊசியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. இதை ரைட்டர் தனியாகக் குறித்துக்கொண்டால் நல்லது.

எங்கள் அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஊசி மருந்து, வீட்டுக்கார அக்கா சின்னப்பொண்ணு வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும். முதல் நாள் துரை மருந்தை நீட்டியபோது அந்த அக்கா, “இன்னா தம்பி இது, என் மீன் கொயம்பு வாசனை உன் ஊசில ஏறிடப் போவுது. தோ, முட்டைக்குப் பக்கத்துல வெச்சிக்க” என்றார். மறுநாளிலிருந்து முட்டை எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று துரை வந்து போன பிறகெல்லாம் பார்ப்பார். நல்ல அக்காதான். துரை செத்த அன்றைக்கு அந்த மருந்தை என்ன செய்வதென்று தெரியாமல் முட்டைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இன்னும் அங்கேதான் இருக்கும்.

நாங்கள் கார் டேஷ்போர்டுக்குள் போகிற எலக்ட்ரானிக் போர்டு செய்கிறோம். லைனுக்குள் தூசு ஆகாது, துணுக்கு ஆகாது. அதனால் எங்கள் யூனிஃபார்மில் பாக்கெட் கிடையாது. மிட்டாய், பிஸ்கட் எதுவும் உள்ளே போக முடியாது. லைன் முனையில் ஒரு முதலுதவிப் பெட்டி உண்டு. அதில் குளுக்கோஸ் இருக்கும். அதன் சாவி முதலுதவிப் பயிற்சி எடுத்தவனிடம் இருக்கும். கையில் பச்சைப் பட்டை கட்டியிருப்பான். எங்கள் லைனில் அது நான்தான். அரை நாள் பயிற்சி. மத்தியானம் வேலைக்குத் திரும்ப வேண்டாம் என்றார்கள் என்பதற்காகத்தான் போய் உட்கார்ந்தேன்.

முதல் தடவை அவன் விழுந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஓடிவந்துவிட்டான். வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சரிந்தான். நான் ஓடினேன். பெட்டியைத் திறந்தேன், குளுக்கோஸைக் கரைத்தேன், தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினேன். பாதி என் மேலேயே கொட்டியது. மீதி பாதி போதுமானதாக இருந்தது. கண்ணைத் திறந்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

சார், உங்களுக்கு யாராவது கைதட்டியிருக்கிறார்களா? உங்களுக்குச் சல்யூட் வரும், அது வேறு. எனக்கு அதுவரை ஒருவரும் தட்டியதில்லை. லைனில் என் பெயரே யாருக்கும் தெரியாது. லைனில் நான் நிற்கிற இடத்தின் எண்தான் என் பெயர். ஒன்பதாம் ஸ்டேஷன், அவ்வளவுதான். அன்றைக்கு பிளான்ட் ஹெட் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேன்டீன் டிவியில் ஒரு மாதம் என் படம் ஓடியது. ‘பாதுகாப்பு நாயகன்’ என்று கீழே எழுத்து. எடுத்தபோது பக்கத்தில் துரையும் நின்றான். அவனை வெட்டிவிட்டார்கள். என் தோளில் அவன் கை மட்டும் மிச்சம் இருந்தது.

எங்கள் கம்பெனியில் ட்ரெயினிக்குக் காலம் முடிந்தால் கைகுலுக்கி ஒரு சர்டிபிகேட்டும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் தந்து அனுப்பிவிடுவார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஸ்வீட் பாக்ஸோடு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். எனக்கு மட்டும் ஒரு வருடம் நீட்டித்தார்கள். “போட்டோல வந்த ஆளை வூட்டுக்கு அனுப்புனா நல்லாவா கீது?” என்றார் எங்கள் சூப்பர்வைசர் மோகன். அவர் மணிமங்கலத்துக்காரர். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

அதற்குப் பிறகு துரையை நான் விடவே இல்லை. என்ன சாப்பிட்டான், எத்தனை இட்லி, ஊசி போட்டானா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மத்தியானம் அவன் மெடிக்கல் ரூமில் ஊசி போட்டுக்கொண்டு வருவதற்குள் நான் கேன்டீன் வரிசையில் நின்று அவனுக்கும் சேர்த்துத் தட்டு வாங்கி வைத்திருப்பேன். வரிசை நீளம். அவன் நின்றால் நேரம் போதாது. நாலு கரண்டி சோறு என்றால் நாலு கரண்டி. “அண்ணே, நீரு எனக்குச் சம்சாரம் மாதிரி” என்பான். “சம்சாரம்னா இந்நேரம் தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பால. சத்தம் போடாமத் தின்னு” என்பேன்.

அந்தச் சமயத்தில் மெடிக்கல் ரூமுக்கு சுபஸ்ரீ என்று ஒரு புது நர்ஸ் வந்தார். ஒரு மாதத்தில் துரைக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார். எதற்கு எவ்வளவு ஊசி, ஓவர்டைம் என்றால் எப்போது என்ன சாப்பிடுவது, இறங்கப்போகிறது என்பதை எப்படி முன்னாலேயே கண்டுபிடிப்பது. இட்லிக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் தப்பு என்று சொல்லவில்லை. துரை தேறிவிட்டான். சாயங்காலம் அறையில் விரலில் குத்திப் பார்த்து, வந்த எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி எனக்குக் காட்டுவான். “பாருங்கண்ணே, பாஸு.” எனக்கும் சந்தோஷம்தான். யாருக்குத்தான் இருக்காது. ஆனால் கேன்டீன் டிவியில் என் படம் போய், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று ஒரு குழாய்ப் படம் வந்திருந்தது.

நியர் மிஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் மீதி புரியாது. விபத்து நடக்கவிருந்து, நல்லவேளையாக நடக்காமல் போனால் அதற்கு நியர் மிஸ் என்று பெயர். அதை யாராவது கண்டுபிடித்துச் சரிசெய்து, சரிசெய்வதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு லைனும் மாதாமாதம் இத்தனை கொடுத்தே ஆக வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒழுங்காக நடக்கிற லைனில் மாதாமாதம் ஆபத்துக்கு எங்கே போவது? அதனால் கடைசி வாரத்தில் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து வந்து நடைபாதையில் கொட்டுவோம். படம் எடுப்போம். துடைப்போம். படம் எடுப்போம். வழுக்கி விழவிருந்த தொழிலாளர் காப்பாற்றப்பட்டார் என்று கொடுத்துவிடுவோம். எல்லா லைனிலும் அப்படித்தான். மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். போன வருடம் சிறந்த நியர் மிஸ் பரிசு வாங்கியது நான் கொட்டிய தண்ணீர்தான். ஜன்னல் வெளிச்சம் அதில் நன்றாக விழுந்திருந்தது.

ஒருநாள் மோகன் வந்தார். “இன்னாபா தளவாய், உன் லைன்ல ஒண்ணியும் காணோமே. எல்லாம் சாமியாராட்டம் வேலை செஞ்சிகினு கீறீங்களா?”

“தண்ணி கொட்டிரலாம் சார்” என்றேன்.

“தண்ணி தண்ணின்னு எத்தினி தபா? போன மாசம் மேல இருக்கறவரு கேக்கறாரு, உன் லைன்ல மேல கூரை ஒழுவுதான்னு. வேற எதுனா ரோசனை பண்ணு. உன் பேரு வேற நீட்டிப்புக்குப் போவணும் இல்ல?”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் கேன்டீன் வரிசையில் துரையின் தட்டோடு நின்றபோது தோன்றியது. நாலு கரண்டி கேட்க வேண்டிய இடத்தில் மூன்று கேட்டேன். கையால் கொஞ்சம் பரப்பி, மேலே கோஸ் பொரியலை வைத்தேன். அவன் நாலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“இன்னைக்கு கொஞ்சமா இருக்க மாதிரி இருக்கே அண்ணே?”

“அதே கரண்டிதாம்ல. பசியில கண்ணுக்குக் கொறச்சலாத் தெரியும்.”

அவன் என்னை நம்பினான். ஏன் நம்பக்கூடாது? சாயங்காலம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கை நடுங்க என்னிடம் வந்தான். குளுக்கோஸ் கொடுத்தேன். சரியாகிவிட்டது. யாருக்கும் ஒரு பாதகமும் இல்லை. கொட்டினேன், துடைத்தேன். துரை பெயரைப் போடாமல் நியர் மிஸ் கொடுத்தேன், மோகன் என் முதுகில் தட்டினார்.

அப்புறம் இன்னொரு நாள். அப்புறம் அவ்வப்போது. ஒவ்வொரு தடவையும் துரை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வான். சாயங்காலம் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எண்ணுவான். சோறு நாலு, சாம்பார் இவ்வளவு, உருளைக்கிழங்கு இவ்வளவு. “சரியாத்தான எண்ணுதேன், எங்கண்ணே தப்புது?” என்பான். “விடு, யாருக்கும் ஒருநாள் போல ஒருநாள் இருக்காது” என்பேன். அவன் தூங்கும்வரை கூடவே உட்கார்ந்திருப்பேன். அதைத் தாய்கூடச் செய்வாளா தெரியாது.

அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அவனுக்கு ட்ரெயினி காலம் முடிய இருந்தது. மெடிக்கல் ஃபிட் என்று வந்தால்தான் மேலே எடுப்பார்கள். “எல்லார் முன்னாலயும் இன்னொரு தடவ விழுந்தா ஊருக்கு அனுப்பிருவாவண்ணே” என்றான். அதனால் இறங்கினால் கையைத் தூக்க மாட்டான், சூப்பர்வைசரிடம் போக மாட்டான். நேராக என்னிடம் வருவான். சத்தமில்லாமல் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவான். இதில் ஒரு குறை இருந்தது. சத்தமில்லாமல் காப்பாற்றினால் கைதட்டுவதற்கு யாரும் இருப்பதில்லை.

சுபஸ்ரீ சிஸ்டருக்குச் சந்தேகம் வந்தது, என் மேல் இல்லை, கரண்டி மேல். “துரை, நீங்க எண்ணறது சரியாதான் இருக்கு. தட்டுலதான் ஏதோ பிரச்சனை. நாளையிலேர்ந்து நீங்களே நின்னு வாங்குங்க. வரிசையில முன்னாடி விடச் சொல்லி நான் கேன்டீன்ல பேசறேன்” என்றாராம். துரை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். “தப்பா நெனைக்காதிய அண்ணே. உமக்கும் தெனமும் சிரமம். நாளைக்கு ஆடிட் முடியட்டும், அடுத்த நாள்லேருந்து நானே நிக்கேன்.”

நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் தானே நின்று வாங்கினால், தானே எண்ணினால், நான் யார்? ஒன்பதாம் ஸ்டேஷன்.

மறுநாள் ஆடிட். எங்கள் போர்டை வாங்குகிற கம்பெனியிலிருந்து மூன்று பேர் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பத்து மணிக்கு எங்கள் லைன். ஒருவருக்கு விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள், காட்ட வேண்டும். போன ஆடிட்டில் ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி அதன் நெஞ்சில் அமுக்கினோம். பொம்மையின் தலை கழன்று உருண்டது. எனக்கு அப்போதே தோன்றியது, உண்மையான ஆளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று.

முன்னாலேயே எல்லாம் ஏற்பாடு செய்துகொண்டேன். நான் ஒரு வேலை எடுத்தால் பாதியில் விடுவதில்லை. காலையில் கேன்டீனில் பொங்கல். கடைசி நாள் என்பதால் தட்டு வாங்கி வைக்கும் வேலையை என்னிடமே விட்டிருந்தான். அவன் கேட்டதில் பாதி வைத்தேன். தட்டின் மீதி இடத்தைச் சட்னியால் மூடினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். மேனேஜர்கள் மேஜையில் சுகர்ஃப்ரீ பொட்டலம் வைத்திருப்பார்கள், நாக்குக்கு இனிக்கும், உடம்புக்கு ஒன்றும் கிடையாது. அதைத்தான் டீயில் போட்டேன். அதே பொடியைக் கரைத்து முதலுதவிப் பெட்டியில் ஒரு பாட்டிலும் வைத்தேன். நானே ருசி பார்த்தேன், நல்ல இனிப்பு. உண்மையான குளுக்கோஸ் பொட்டலத்தையும் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இது முக்கியம் சார். கொல்ல நினைக்கிறவன் அதை எதற்கு வைக்கிறான்?

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் துரை வந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. “அண்ணே, இறங்குது” என்றான் மெதுவாக. பாட்டிலைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தான். “நல்லா இனிப்பா இருக்குண்ணே” என்றான். வாயைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். இனி சரியாகிவிடும் என்று நம்பிப் போனான். நடை கொஞ்சம் பின்னியது.

பத்து மணிக்கு அவர்கள் வரவில்லை. வாசலில் ஆரத்தி எடுத்திருக்கிறார்கள், பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். ஒருவருக்குத் தலைப்பாகை சரியாக உட்காரவில்லையாம், அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அப்புறம் சமோசா. அப்புறம் கான்ஃபரன்ஸ் ரூமில் பாதுகாப்பைப் பற்றித் திரையில் ஒரு பிபிடி போட்டுக் காட்டினார்கள், அது நீண்டுவிட்டது. அதில் என் படமும் வந்ததாம். என் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் அவர்களால் என்னைப் பார்க்க வர முடியவில்லை.

துரை விழுந்தான். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டேன். கண் பாதி திறந்திருந்தது. உதடு அசைந்தது, என்னைத்தான் கூப்பிட்டான் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் கொடுத்திருந்தால் விழுங்கியிருப்பான். குளுக்கோஸ் பொட்டலம் என் கையில் இருந்தது. மேலே கேமரா இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் பொட்டலத்தோடு நிமிர்ந்து பார்ப்பது அதில் தெரியும். பதற்றத்தில் உறைந்துவிட்டான் என்று எச்.ஆரில் சொன்னார்கள். நான் உறையவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வந்துவிடுவார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று.

பக்கத்து ஸ்டேஷன் மாரிசெல்வி, “அண்ணே, குடுங்கண்ணே. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய?” என்றாள். “ஒரு நிமிஷம்மா” என்றேன். அவள் பொட்டலத்தைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கையை உயர்த்திக்கொண்டேன்.

அப்புறம் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. அது நின்றபோது நினைவில்லை. நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். பயிற்சியில் இதை இரண்டு தடவை சொன்னார்கள். மாரிசெல்வி பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வந்தபோது நான் தடுத்துவிட்டேன். அந்த விதியை நான் கடைசிவரை மீறவில்லை. மெடிக்கல் ரூமிலிருந்து சிஸ்டர் ஓடிவந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். அதற்குள் நேரம் போய்விட்டிருந்தது. ஸ்ட்ரெச்சரை முன்வாசல் வழியாகக் கொண்டுபோக வேண்டாம், மாலை போட்டவர்கள் வருகிறார்கள் என்று மோகன் சொன்னார். பின்னால் கழிவு ஏற்றுகிற ஸ்கிராப் கேட் வழியாகச் சுற்றி எடுத்துப்போனோம். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியபோது இந்தப் பக்கம் அவர்கள் உள்ளே வந்தார்கள். லைன் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்களாம்.

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தான். மூச்சு மட்டும் ஓடியது. ஊரிலிருந்து அவன் அம்மா அன்னக்கிளி வந்தார். என் பச்சைப் பட்டையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஏ ராசா, தாயா இருந்து பாத்துக்கிடுதாருன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருப்பாம்யா. நீ இல்லன்னா எம் புள்ள என்னைக்கோ போயிருப்பான்” என்றார். கடமைதாம்மா என்றேன். அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கீழே போய் நாலு இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். குறையாமல் நாலு.

துரை போனபின் கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இறந்தவர் தவறாகக் கணக்கிட்டதே காரணம் என்று முடிவு. சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும். போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார் மோகன். “போட்ருப்பா, மேட்டர் முடிஞ்சிரும். உன் நீட்டிப்பும் வந்துகினு கீது” என்றார்.

அங்கேதான் என்னால் முடியவில்லை சார். துரை தவறாகக் கணக்கிடவில்லை. ஒருநாளும் தவறாகக் கணக்கிடவில்லை. அவன் எண்ணியதெல்லாம் சரி. தட்டுதான் பொய். சாகும்வரை தன் கணக்கில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே இருந்தான், செத்த பிறகும் காகிதத்தில் அதையே எழுதினால் எப்படி? அதை மாற்றத்தான் வந்தேன். அவன் அம்மாவிடம் யாராவது சொல்லிவிட வேண்டும், உங்கள் பையன் எண்ணிக்கையில் பாஸ் என்று.

ஏன் செய்தாய் என்று கரண்டி விஷயத்தைச் சொன்னதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எங்கள் கம்பெனியில் எது தப்பாகப் போனாலும் ஆளைக் குறை சொல்லக்கூடாது, முறையில் எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டும் என்பார்கள். நானும் நடந்ததையெல்லாம் பின்னாலிருந்து முன்னாலே ஓட்டிப் பார்த்துவிட்டேன். சாப்பாட்டைக் குறைத்தது நான். பாட்டிலில் பொய் இனிப்பை வைத்தது நான். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தது நான். அவனைக் கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஓட்டை எங்கே என்று கேட்டால், அவர்கள் பத்து மணிக்கு வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். வந்திருந்தால் துரை எழுந்து உட்கார்ந்து, என்ன எல்லாரும் சுத்தி நிக்கிய என்று கேட்டிருப்பான். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். நான் ஒருநாளும் அவனைக் கொல்ல நினைத்ததில்லை. காப்பாற்றத்தான் நினைத்தேன். அந்தப் பழக்கமும் அவனோடு போய்விட்டது. இப்போது மனது லேசாக இருக்கிறது.

சார், உங்களுக்கு வேர்க்கிறது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள், கை நடுங்குகிறது. எழுந்திருக்க வேண்டாம், விழுந்துவிடுவீர்கள். நான் வந்தபோது நீங்கள் போட்ட மாத்திரை வேலை செய்கிறது, சப்பாத்தி இன்னும் உள்ளே போகவில்லை. நான்தான் முதலிலேயே சொன்னேனே. பயப்படாதீர்கள், எனக்கு இது நன்றாகத் தெரியும். டீயோடு வந்த சர்க்கரைப் பொட்டலம் என் கையில்தான் இருக்கிறது. ரைட்டர் பிரிண்டருக்குப் பேப்பர் வாங்க வெளியே போயிருக்கிறார்.

அவர் வந்துவிடட்டும்.